ஒரு மணி நேரத் தண்ணீர்

மாசி பிறந்ததிலிருந்து
கொத்மலை அணையின் கதவு திறக்கவில்லை.
மேலே நிறைந்த நீர் மின்சாரத்துக்கு.
கீழே எங்களுக்கு
ஆற்றின் எலும்பு.

பாறை இடுக்குகளில்
ஆட்டுரல் அளவுக் குழிகளில்
மீந்த நீர் தெளிந்து நிற்கிறது.
சாக்கடையைக் கழுவினால் போதாதா என்கிறார் கங்காணி.
இந்தச் சாதி நுளம்புக்குச் சாக்கடை ஆகாது.
தாகத்தில் நீங்கள் குனிந்து குடிக்கக்கூடிய
தண்ணீரில்தான் அது முட்டை இடும்.

வெள்ளை எனாமல் அகப்பையைச் சரித்து
மெதுவாக மொள்ளுகிறேன்.
என் நிழல் பட்டால் புழு அடியில் போய்விடும்.
மற்ற நுளம்புப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும்;
இது நீர்மட்டத்தோடு மட்டமாய்
ஞாயிற்றுக்கிழமை படுத்திருக்கிற மாதிரிப் படுத்திருக்கும்.
குழி முப்பத்தொன்று. பதினாலு புழு.
கொப்பியில் எழுதிக்கொள்கிறேன்.

பதினாலிலும் நோய் இல்லை.
சிறகு முளைத்துப் பறந்தாலும் இருக்காது.
நோயை அது யாரிடமாவது
கடன் வாங்கவேண்டும்.

அருளப்பன் எலகெரையில் மாணிக்கக் குழியில்
எட்டு மாதம் மண் அள்ளினான்.
கல் அகப்படவில்லை.
பொங்கலுக்குத் திரும்பும்போது
ஒரு ரேடியோ, தங்கச்சிக்குப் பூப்போட்ட சீத்தை,
ஈரலுக்குள் உறங்கும் ஒன்று.
அது விழித்த இரவு
கம்பளி மூன்று போர்த்தியும் கட்டில் ஆடியது.
அன்று அவனைக் கடித்தவை எத்தனையோ.
பத்துப் பன்னிரண்டு நாள் உயிரோடிருந்தால்தான்
கடனைக் கைமாற்ற முடியும்.
சிலந்தி தின்றது, பல்லி தின்றது,
அடுப்புப் புகையில் சுருண்டது.
ஒரு கிழவி மட்டும் தப்பி
தொங்கல் காம்பராவுக்குள் போனாள்.

தனபாக்கியம் மலையில் நடுங்கினாள்,
கொழுந்துக் கூடையும் சேர்ந்து நடுங்கியது.
அன்றைக்கு அரைப்பேர்.
மறுநாள் ஒன்றுமில்லை, முழுப்பேர்.
அதற்கு மறுநாள் மறுபடி அரைப்பேர்.
செக்ரோல் புத்தகத்தைப் புரட்டித்தான்
நான் காய்ச்சலைக் கண்டுபிடித்தேன்.

மோதிர விரலில் ஒரு குத்து.
கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு.
நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் நீலச்சாயம் ஏற்றிப் பார்த்தால்
மோதிரம்! சிவப்புக் கல் பதித்தது.
எலகெரையில் அருளப்பனுக்குக் கிடைக்காதது.

அவனுக்குப் பதினாலு நாள் மாத்திரை.
மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது,
நாலாம் நாள் மாத்திரையை விட்டுவிட்டான்.
அதனால் தினமும் அந்தியில்
அவன் லயத்து வாசலில் நிற்கிறேன்.
விழுங்கு. நாக்கைக் காட்டு.
"கடன்காரி வந்துட்டா" என்கிறான்.
சரியாகத்தான் சொல்கிறான்.

பொறியியலாளர் விக்கிரமநாயக்க நல்ல மனிதர்.
தேநீர் தந்தார். சீனி தனியாக.
"ஒரு மணி நேரத் தண்ணீர்
எத்தனை யூனிட் தெரியுமா, மிஸ்?"
தெரியாது.
எங்கள் லயத்தில் குப்பிலாம்பு.
கொப்பியை மேசையில் விரித்தேன்.
முட்டை நுளம்பாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.
வாரம் ஒரு மணி நேரம் தாருங்கள்,
பாறையைக் கழுவித் தருகிறேன்.
வெகுநேரம் வாசித்தார்.
குழி முப்பத்தொன்றில் விரலை வைத்தபடி இருந்தார்.

செவ்வாய் காலை சங்கு ஊதியது.
துணி துவைத்தவர்கள் கரையேறினார்கள்.
முதலில் சத்தம்தான் வந்தது,
பிறகு குளிர்,
அப்புறம் பழுப்பு நிறத்தில் ஆறு.
யாரோ மறந்த சவர்க்காரக் கட்டி,
ஒற்றைச் செருப்பு,
என் கணக்கில் எழுதிய அத்தனை பேரும்
மகாவலியை நோக்கிப் போனார்கள்.

பின்னேரம் திரும்ப மொண்டேன்.
முப்பத்தொன்றில் சுழியம்.
முப்பத்திரண்டில் சுழியம்.
கொப்பியில் சுழியம் எழுத
கை கொஞ்சம் கோணியது.

ஏறி வரும்போதுதான் கண்டேன்,
வெள்ளம் எட்டாத மேட்டில்
ஒரு மாட்டின் குளம்படி.
உள்ளங்கை அளவு வானம்.
அதில் மட்டமாய்ப் படுத்து
மூன்று.

காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.
மாடு முன்னால் நடந்துபோகிறது.
அடுத்த அடியை வைக்கிறது.