விழாத கோல்

பிராட்வேயில் மூன்றாம் மாடி.
நடுவர் மேசையில் ஆறிய டீ.
கிளப் வக்கீல் வாசித்தார்:
ஹாக்கி ஆட்டம் முப்பத்தெட்டு, கோல் ஒன்று,
பச்சை அட்டை ஏழு.
"இதற்கா ஐயா இரட்டைச் சம்பளம்?"

என்னிடம் இருந்தது நாலு எக்ஸ்ரே.
பெனால்டி கார்னருக்கு முதல் ஆளாய் ஓடியது
நூற்றுப் பதினோரு தடவை.
விழாத கோலை எந்த நோட்டில் எழுத?
கொருக்குப்பேட்டை கேட்டை மூடுகிறவருக்கு
நசுங்காத ஆட்டோக்களை எண்ணியா சம்பளம் என்றேன்.
நடுவர் சிரிக்கவில்லை.

கிளமென்ட் பக்கம் திரும்பினார்.
"பெரம்பூர் ஆட்டம், கடைசி நிமிஷம்,
உன் முழங்காலில் பட்ட பந்து
விட்டிருந்தால் உள்ளே போயிருக்குமா?"

போயிருக்கும்னு சொல்லுடா என்று
மேசைக்கடியில் காலை இடித்தேன்.
எந்தக் காலென்று பார்க்கவில்லை.

"தெரியாது சார்," என்றான் பல்லைக் கடித்து,
"விட்டுப் பார்த்ததில்ல."