நூற்று இருபத்து நான்கு

புக்கரெஸ்டில், பாந்தெலிமோன் பக்கம்,
எட்டாம் மாடி.
இரவு பதினொன்றரைக்கு
ஸ்மராண்டா கணினியைத் திறக்கிறாள்.
ஒன்றுமில்லை அதில்.
ஒரு செங்குத்துக் கோடு மட்டும்
சொன்னால் புறப்படுகிறேன் என்று நிற்கிறது.

வேகம், நிமிடத்துக்கு நூற்று இருபத்து நான்கு.
லிஃப்ட் மூன்று நாளாக ஓடவில்லை;
படியேறி வந்தவளின் நெஞ்சும்
ஏறக்குறைய அதே கணக்கில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் கிக்.
வெறும் சைன் அலை ஒன்றை எடுத்து
உச்சியிலிருந்து அடிமட்டத்துக்குத் தள்ளிவிட்டாள்.
தும் என்று விழுந்தது.
வால் நீளம். நறுக்கினாள்.
இன்னும் நீளம்.
தைத்து முடித்த நூலைப் பல்லால் கடிப்பதுபோல்
ஒட்ட நறுக்கினாள்.
இப்போது காதுக்கு வருமுன்
பாதத்துக்கு வருகிறது.

ஹை-ஹாட்டுக்குச் சன்னலடி ரேடியேட்டர்.
திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினால்
உஸ்ஸென்று சீறும்.
மைக்கை அதன் வாயருகே நீட்டினாள்.
கிண்ணத்தில் சொட்டிய துருத்தண்ணீரும்
பதிவில் இருக்கிறது, யாருக்கும் கேட்காது.

பேஸுக்கு ஒரே சுரம்.
இரண்டாவதை வைத்துப் பார்த்தாள்.
உடனே அது எதையோ சொல்ல வாயெடுத்தது.
வேண்டாம்.

ஒரு மணிக்குள் இருபத்து மூன்று தடங்கள்,
சனிக்கிழமை ஓபோர் சந்தைபோல் இரைச்சல்.
அழிக்கத் தொடங்கினாள்.
மணியோசை போயிற்று.
யாரோ ஒரு பெண் 'ஆ' என்றது போயிற்று
(அது அவள் குரல்தான்).
மழைபோல் ஒன்று, நாற்பது நிமிடம் செலவழித்துச் செய்தது,
அதுவும்.
மிஞ்சியது மூன்று.

அப்போதுதான் குழாய் பேசிற்று.
டக்.
டக் டக்.

வெந்நீர்க் குழாய் அந்தக் கட்டடத்தின் முதுகெலும்பு.
ஏழிலோ ஆறிலோ யார் தட்டினாலும்
எல்லா அறையிலும் கேட்கும்.
நிறுத்து என்று அர்த்தம், வேறென்ன.
ஸ்பீக்கரை அணைத்துவிட்டு
ஹெட்போனை மாட்டினாள்.
மைக்கை அணைக்க மறந்திருந்தாள்.

திரையில் மூன்று மெல்லிய முட்கள்.
இழுத்துக் கட்டத்தில் போட்டாள்.
இரண்டாவது முள் கொஞ்சம் பிந்துகிறது.
என் மொழியில் ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை,
அவ்வளவுகூட இல்லை;
உதடு குவியாமலே முடிந்துபோகும்
சொல்லிறுதி உகரம்போல்
ஒரு சின்னக் குறை.
சரிசெய்ய ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினாள். எல்லாம் கோட்டில் நின்றன,
தட்டியவன் செத்துப்போனான்.
அவசரமாகப் பழையபடி ஆக்கினாள்.

காலையில்
ஐந்தாம் மாடித் திருப்பத்தில் ஒப்ரியா,
டிராம் பணிமனைச் சட்டை, அக்குளில் ரொட்டி.
"ராத்திரி குழாயைத் தட்டியது நீதானே?
ஒரே சீராக, விடாமல்.
குளியலறையில் விழுந்துகிடக்கிறாயோ என்று
பதிலுக்குத் தட்டினேன்.
உடனே நிறுத்திவிட்டாய்.
சரி, ஆள் நன்றாய் இருக்கிறாள் என்று
படுத்துவிட்டேன்."

அவளுக்கு என்னென்னவோ வந்தது வாயில்.
"ஆமாம், நன்றாய் இருக்கிறேன்" என்றாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது,
இருந்தும் திரும்ப எட்டு மாடி.
நாலாம் நிமிடத்தில் கிக்கை நிறுத்தினாள்.
பேஸையும் சீறலையும் நிறுத்தினாள்.
எட்டுச் சுற்றுக்கு அது மட்டும்:
டக்.
டக் டக்.
ஆடுகிறவர்கள் அந்த இடத்தில்
தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
நிற்பார்கள், நிற்கட்டும்.

கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
கோட்டை மாட்டிக்கொண்டே
'ஏழாம் மாடி' என்று அடித்தாள்.
ஆறாகவும் இருக்கலாம்.
கேட்கவில்லை அவள்.