எபெனேசர், செவ்வாய்க்கிழமை மாலை

வாசல் வளைவில் பெயரை மட்டும் இடிக்காமல் விட்டார்கள்:
எபெனேசர், 1861.
உதவியின் கல் என்று பொருள்.
உள்ளே இப்போது எழுநூறு கற்கள்,
அத்தனையும் பிளாஸ்டிக்,
பச்சை, மஞ்சள், கண்ணைக் குத்தும் ஆரஞ்சு.
ஒவ்வொன்றையும் சுவரில் திருகி முடுக்கியவன் நான்.
ஏறிப் பார்க்க மணிக்கு எட்டு பவுண்டு.
காலணி வாடகை தனி.

மழையும் பலகைக்கல்லும் தவிர
வேறெதுவும் சும்மா கிடைக்காத வடக்கு வேல்ஸில்
மலையை அறுத்து வயிறு கழுவியவர்கள்
ஒரே ஊரில் ஐந்து ஆலயம் கட்டி
கண்ணால் காணாத தேசத்துப் பெயர்களை வைத்தார்கள்.
ஓரேப் என்றால் வறண்ட நிலம்;
அதன் கூரை ஒழுகாத வருடமில்லை.
சாலேம், சமாதானம்;
அங்கேதான் ஆர்கன் வாங்குவதா வேண்டாமா என்று
சபை இரண்டாக உடைந்தது.
உடைந்தவர்கள் எதிர்த் தெருவில் எழுப்பியது பெத்தேல்,
தேவனுடைய வீடு. இன்று கம்பளக் கடை.
இரக்கத்தின் வீடான பெதஸ்தா
பெட்ரோல் பங்குக்கு இடம் விட்டது.

இங்கே மேடைக்கு அடியில் ஞானஸ்நானத் தொட்டி இருந்தது.
அதில் மெத்தைகளைத் திணித்திருக்கிறோம்.
அன்று மூழ்கி எழுந்தார்கள்.
இன்று விழுந்து.

என் பெயர் யாகோ. யாக்கோபுதான்,
எங்கள் மொழியில் தேய்ந்து இப்படி ஆனது.
குதிகாலைப் பிடித்தவன் என்று அர்த்தம்,
ஏய்ப்பவன் என்றும் சொல்வார்கள்.
இரட்டையரில் நான் பிந்தி வந்தவன், பதினொரு நிமிடம்.
முந்தி வந்தவனுக்கு ஏசா என்று வைக்க
அப்பாவுக்கு நாக்கு எழவில்லை. எம்ரிஸ் என்றார்.
கதையில் பாதியை மட்டும் தொட்டிலில் போட்டார்.

மீதியை நான் செய்தேன்.
அவன் கடனில் கிடந்த குளிர்காலத்தில்
வீட்டில் அவன் பங்கை எழுதி வாங்கினேன்.
விலையைச் சொல்ல மாட்டேன்.
பயற்றங்கூழ்கூட அதைவிட நல்ல விலைக்குப் போயிருக்கும்.

ஒன்பது வருடம்.

இந்தச் செவ்வாய் ஆறரைக்கு வந்து நின்றான்,
கூட ஒரு சிறுமி. திர்சாள் என்று எழுதினான்.
இன்பமானவள்.
அப்படி ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது.
தாளில் ‘அவசரத்துக்கு யாரை அழைக்க’ என்ற இடத்தைக்
காலியாக விட்டிருந்தான்.
கயிறு பிடிக்க வேறு ஆள் இல்லையா என்றான்.
இல்லை. மற்றவனுக்குக் காய்ச்சல்.

கீழே நிற்பவனுக்கு ஏறுகிறவன் முகம் தெரியாது.
குதிகால்தான் தெரியும்.
வாடகைக் காலணி, எண் நாற்பத்து மூன்று,
என் அளவு.
அது மஞ்சளில் நடுங்கியது, பச்சையில் நின்றது,
சிறுவர்களாய் நாங்கள் மிட்டாய் உறித்துத் தின்ற
மாடத்தின் உயரத்தைக் கடந்து
ஆரஞ்சில் வழுக்கியது.

ஓசன்னா என்பதைத் துதி என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.
‘இப்போதே காப்பாற்று’ என்கிற அலறலாம் அது.
மேலிருந்து அவன் கத்திய வேல்ஸ் வார்த்தை
ஆலயத்துக்குள் சொல்லத் தகாதது.
பொருள் ஒன்றுதான்.

கயிறு விறைத்தது.
என்னைவிட அவனுக்கு எடை கூடிப்போயிருக்கிறது;
என் கால்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பின.
ஒரே கயிற்றின் இரண்டு நுனியிலும்
நாங்கள் தொங்கினோம்,
வெளியே வர இடமில்லாத பிள்ளைகள் மாதிரி.

“பிடிச்சிருக்கா?” என்று கேட்டாள் திர்சாள்.

ஆமென் என்றால் ஜெபம் முடிந்தது என்று
எழுந்து கோட்டை மாட்டுவோம்.
அதன் வேரில் இருப்பது வேறு:
அசையாது, தாங்கும்.
“பிடிச்சிருக்கு” என்றேன்.
ஆமென் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இறங்கியதும் முடிச்சு அவிழவில்லை.
அவன் விரல்கள் முயன்றன, பிறகு என்னுடையவை.
இருவருக்கும் ஒரே நகங்கள்.
எட்டு பவுண்டை மேசையில் வைத்தான்.
காலணிக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

போன பின் தாளை எடுத்துப் பார்த்தேன்.
அந்த இடம் இன்னும் காலிதான்.
சங்கீதங்களின் நடுவில் சேலா என்று ஒரு சொல் வரும்;
அர்த்தம் யாருக்கும் நிச்சயமில்லை.
சற்று நிறுத்து என்பதாக இருக்கலாம் என்கிறார்கள்.
தாளைக் கோப்பில் போடவில்லை.
அடுத்த செவ்வாய் வரை
மேசையிலேயே கிடக்கட்டும்.