தபசில்

பியூலா,
கொருக்குப்பேட்டைக் கிடங்கு பற்றிய கருத்துரை
நாளை முத்திரையோடு வரும்.
இது அதற்கு முந்தின இரவு எழுதுவது.
இதற்குக் கட்டணம் இல்லை.

வில்லங்கச் சான்று சுத்தம்.
முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தேன்.
அடமானம் இல்லை, ஜப்தி இல்லை,
ஒரே ஒரு பாகப்பிரிவினை.
விற்கிற தணிகாசலம் அந்தத் தாளைத்
திருநீறு மாதிரி நீட்டுகிறார்.

வில்லங்கச் சான்றில் தண்ணீர் வராது.
ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன்.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
டேங்கர் வண்டி ஒன்று ஊர்ந்து முடிய
ஐம்பத்திரண்டு பெட்டி எண்ணினேன்.
உன் ஐஸ் அங்கே நின்றால்
எத்தனை கிலோ கரையும் என்று நீயே கணக்குப் போடு,
அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.
உள்ளே புதுச் சுண்ணாம்பு.
வாட்ச்மேன் மணி பார்க்கக் காலண்டரை நகர்த்தினான்.
நெஞ்சுயரத்தில் ஒரு பழுப்புக் கோடு,
கால்வாய் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.
சாட்சி, எதிர்ச்சுவர்.

மூலப்பத்திரம் ஐம்பத்தெட்டில் எழுதியது.
கூட்டெழுத்து, மை பரவியிருக்கிறது.
வடக்கே வெங்கட்டம்மாள் தோட்டம்,
தெற்கே பொதுவழி,
கிழக்கே உப்பு மண்டி,
மேற்கே ஒற்றைப் புளியமரம்.
இதற்குள்பட்ட இரண்டு கிரவுண்டு சொச்சம்.
தோட்டத்தில் இப்போது பேட்டரிக் கடை.
மேற்கே மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர்,
அதன் வேலி எவ்வளவு உள்ளே வந்திருக்கிறதோ.
சர்வேயரைக் கூப்பிடு. எட்டாயிரம் கேட்பார்,
அவரிடம் மட்டும் பேரம் பேசாதே.

"சூரிய சந்திரர் உள்ளவரை
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று
எழுதி வாங்கியவர்
பதினோரு வருடத்தில் விற்றுவிட்டார்.
வாங்கியவர் தணிகாசலத்தின் அப்பா.

இனிமேல்தான் விஷயம்.
பாகப்பிரிவினையில் நான்கு பேர்,
நான்கு பேரும் ஆண்கள்,
மனப்பூர்வமாய்ச் சம்மதித்திருக்கிறார்கள்.
வாரிசுச் சான்றில் ஐந்து பெயர்.
ஐந்தாவது, லோகநாயகி.
"கட்டிக் குடுத்தாச்சும்மா, அவ ஒண்ணும் கேக்க மாட்டா."
கேட்காமல் இருப்பது விடுதலை ஆகாது, பியூலா.
விடுதலைப் பத்திரம் என்று தனியாக ஒன்று இருக்கிறது,
அதை முத்திரைத்தாளில் எழுதிப் பதிய வேண்டும்.

எர்ணாவூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.
ரேஷன் கார்டும் ஆதாருமாய் வரிசை நின்றது.
பாகப்பிரிவினை நகலைக் கொடுத்தேன்.
நின்றபடியே படித்தார், கடைசிப் பக்கம்வரை,
சாட்சிகளின் விலாசம்வரை.
"நான் ஒண்ணு எடுத்துக்கவா?"
மெஷின் மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்தார்.
அந்தப் பச்சை வெளிச்சம்
அவர் முகத்தின் கீழே ஒருமுறை
இடமிருந்து வலம் போனது.
"பதினாலு பக்கம், இருபத்தெட்டு ரூபா.
இதை நான் குடுக்கணுமா, நீங்க குடுக்கணுமா?"
சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.
நான் கொடுத்துவிட்டேன். உன் கணக்கில் எழுதவில்லை.

காசிமேட்டில் உன்னைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், தெரியும்.
பதினோரு மாதம் என்று எழுதி
ஒன்பது வருடம் இருந்தாய். பதியவும் இல்லை.
(என் மண்ணடி ஆபீஸும் அப்படித்தான்,
யாரிடமும் சொல்லாதே.)
அவசரத்தில்தான் எல்லாரும் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.
நீ கொடுக்காதே.
பத்து ரூபாய்கூட, வெற்றிலையில் வைத்துக்கூட.

ஐப்பசியில் ஒரு நல்ல மழைக்குக் கிடங்கில் போய் நில்.
முழங்கால் நனைந்தால் போன் செய், விலையைக் குறைக்கலாம்.
இடுப்பு நனைந்தால் போன் செய்யாதே, வீட்டுக்குப் போ.

லோகநாயகி கையெழுத்துப் போடுவாரா என்று
காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டாய்.
அவரிடம் இந்தக் கேள்வி
இப்போதுதான் போயிருக்கிறது.
கொஞ்ச நாள் வைத்திருக்கட்டும்.