நீடாமங்கலம் கேட்டில் ஒரு திருத்தம்

கேட் போட்டுவிட்டார்கள்.
மன்னார்குடி பஸ் எஞ்சினை அணைத்தது.
மடியில் நடுவரின் கடிதம்:
'தாங்கள் கட்டிய வெற்றிடம்
ஓரங்களில் எரிகிறது.'

எரிகிறதுதான்.
பதினோராம் பக்கத்தில்
ஆற்றல் முடிவிலிக்குப் போயிருக்கிறது,
பால் பொங்கியதைக் கவனிக்காமல்
நான் அடுத்த சமன்பாட்டுக்குப் போயிருக்கிறேன்.

தட்டை வெளியில் இந்தத் தொல்லை இல்லை.
சீராகப் போகிற எவரைக் கேட்டாலும்
காலி என்றால் காலி.
வளைந்த வெளியில் ஆளுக்கொரு கடிகாரம்,
கடிகாரத்துக்கொரு காலி.
ஒருவர் கைவிரிக்கும் இடத்தில்
இன்னொருவர் துகள் எண்ணிக்கொண்டிருப்பார்.

எது காலி என்று கேட்பதை விட்டாயிற்று.
எது யோக்கியமான காலி?
சோதனை ஒன்றுதான்.
இரண்டு புள்ளிகளை நெருக்கு, இன்னும் நெருக்கு.
உறவு வெடிக்கும், வெடிக்கட்டும்,
வளைவு சொல்லிவைத்த விதத்தில் மட்டும்.
அதைக் கழித்தால் மிஞ்சுவது
பரம்படித்த சேறாக
வழவழவென்று கிடக்கவேண்டும்.

என்னுடையது கிடக்கவில்லை.
காலத்தில் ஒரு துண்டை
இந்த நொடி முதல் அந்த நொடி வரை
அரிவாளால் நறுக்கி எடுத்திருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே குறுவை, கண்ணுக்கெட்டிய தட்டை.
மைலுக்கு ஓரடியோ என்னவோ சரிவாம்.
கண் நம்பாது. தண்ணீர் நம்பும்.

நேற்று மூணாறு தலைப்பில்
லஸ்கர் காத்தமுத்து கோரையாற்று ஷட்டரைத் தூக்கினார்.
கால் சுற்று. பீடி. அரைச் சுற்று.
அளவுகோலை எட்டிப்பார்த்தல்.
ஃபோனில் யாரையோ வைதல். இன்னொரு கால் சுற்று.
'சட்டுனு தூக்குனா கரை போயிரும்யா'
என்று ஃபோனுக்குத்தான் சொன்னார்.
நான் நாவற்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

பூச்சியத்திலிருந்து மெல்ல ஏறி
சற்று நின்று
பூச்சியத்துக்கே மெல்ல இறங்கும் சார்பு,
எத்தனை முறை வகையிட்டாலும் இடறாதது.
அரிவாளுக்குப் பதில் அதை வைத்தால்?
டிக்கெட்டின் பின்புறம் போதவில்லை,
கடலைக் காகிதத்தை விரித்தேன்.
முதல் பதம் அடங்கியது.
இரண்டாவது கொஞ்சம் முரண்டு பிடித்து
அடங்கியது.

விலை உண்டு.
இந்தச் சார்பை நான் தேர்ந்தேன்,
லிஸ்பனில் ஒருத்தி வேறொன்றைத் தேர்வாள்.
அவள் காலியும் யோக்கியம், என் காலியும் யோக்கியம்,
இரண்டும் ஒன்றாகாது.
நோட்டின் தலைப்பில்
'ஒரே வெற்றிடம்' என்றிருந்ததில்
ரே-யை அடித்து
ரு போட்டேன்.

ரயில் போனது.
கேட்டைச் சட்டென்று தூக்கினார்கள்.
இரண்டு பக்கமும் ஒரே நொடியில் பாய்ந்து
தண்டவாளத்தின் மேல் பூட்டிக்கொண்டன,
லாரி, வேன், கருது அறுக்கும் மெஷின், நாங்கள்.
ஹாரன் முடிவிலி.
ஒருவரும் நகரவில்லை.