பதினொரு விநாடி

முதல் சனிக்கிழமையே
என் தாளில் சிவப்புக் கோடு போட்டாள் யில்டௌ.
நான் எழுதியிருந்தது: நாய் கோபமாக இருக்கிறது.
"கோபத்தை எங்கே பார்த்தீர்கள், வீட்ஸ்கெ?
எத்தனையாவது விநாடியில்?"

அவளுக்கு இருபத்தொன்பது. எனக்கு ஐம்பத்திரண்டு.
குரோனிங்கன் ரயிலில்
இருபது வருடம் டிக்கெட் பரிசோதித்தவள் நான்.
முகத்தைப் பார்த்தே சொல்வேன்
எவன் கழிப்பறைக்குள் ஒளியப் போகிறான் என்று.
அதைத்தான் முதலில் மறக்கச் சொன்னாள்.

அஸனுக்கு வெளியே
பால் வாடை இன்னும் போகாத ஒரு பண்ணைக் கூடம்,
பன்னிரண்டு நாற்காலி, ஒரே ஹீட்டர்.
சத்தத்தை அணைத்துவிட்டு
பதினொரு விநாடிக் காணொளியை
நாற்பது முறை ஓட்டினாள்.
வால்: எவ்வளவு உயரம், என்ன வேகம்.
காது. கண்ணோரத்து வெள்ளை.
மூன்றாம் விநாடியில்
நாக்கு மூக்கைத் தொட்டு மறைகிறது.
ஆறில் ஒரு கொட்டாவி,
தூக்கத்துக்குச் சம்பந்தமில்லாதது.
ஒன்பதில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது,
கடன் கொடுத்தவரைத் தெருவில் கண்டவன்
சுவரொட்டி படிப்பதைப் போல.
பதினொன்றில் கடி.

'திடீரென்று கடித்துவிட்டது'
என்று படிவத்தில் எழுதியிருந்தார் உரிமையாளர்.
திடீரென்று என்ற சொல்லுக்கு
எங்கள் வகுப்பில் ஐம்பது சென்ட் அபராதம்.
டிசம்பருக்குள் உண்டியல் கனத்துவிட்டது.

இரவில் மூளையின் படம், சுரப்பிகளின் பெயர்.
வலுவூட்டல் இரண்டு, தண்டனை இரண்டு,
நான்கு கட்டத்தையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியும்
பால் எடுக்கும்போதெல்லாம் குழம்பினேன்.
புள்ளியியலில் ஒருமுறை தோற்றேன்.
இடுப்பு எக்ஸ்ரே வரும்வரை
குணத்தைப் பற்றி வாய் திறக்காதே
என்பதை மட்டும்
தோற்காமலே கற்றேன்.

அப்புறம் வீடுகள். அறுபது வீடு, கையெழுத்தோடு.
டெல்ஃப்சைலில் டைக்கெமா குடும்பம்,
ருமேனியத் தெருவிலிருந்து வந்த மோஸ்கா,
ஆறு வயதுப் பையனின் கன்னத்தில் நாலு தையல்.
அப்பா பேசிக்கொண்டே அழத் தொடங்கினார்.
அதற்கும் பாடம் உண்டு, மூன்றாம் பருவம்:
கையைப் பிடிக்காதே. குடிக்கத் தண்ணீர் கேள்.
எழுந்துபோக அவருக்கொரு காரணம் வேண்டும்.
கேட்டேன். போனார்.
குழாய் வெகுநேரம் ஓடியது.
அந்த இடைவெளியில் மோஸ்காவிடம் போனேன்.
மூலையில் யில்டௌவின் கேமரா.

மார்ச்சில் புதுக் காணொளி.
அதுவும் பதினொரு விநாடி.
நாயின் மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தாள்.
மிச்சம் இருந்தது நான்.
எல்லோரும் எழுதினார்கள்.
முன்பு கசாப்புக் கடை வைத்திருந்த ஷூர்ட்
நிதானமாக வாசித்தார்:
"பெண். வயது ஐம்பது இருக்கலாம்.
நேராகப் பார்க்கிறாள். குனிகிறாள்.
நாலாம் விநாடியில் தலைக்கு மேலே கை.
தாடை இறுகியிருக்கிறது.
வெளியேறும் வழியை மறித்து நிற்கிறாள்."

என் தாளில் நான் எழுதியிருந்தது:
அன்போடு அணுகுகிறாள்.

யாரும் சிரிக்கவில்லை.
எத்தனையாவது விநாடியில் என்று
யில்டௌ கேட்கவுமில்லை.
பையைத் துழாவி
ஐம்பது சென்ட்டை நானே போட்டேன்.
அந்தச் சொல்லுக்கு அபராதம் கிடையாது என்றார்கள்.
இருக்கட்டும் என்றேன்.

இருபது வருடம்
ரயில் பெட்டியின் நடுவழியில்
நான் எப்படி நின்றிருப்பேன்?
யாரிடமும் காணொளி இல்லை.

ஏப்ரலில் மறுபடி டெல்ஃப்சைல்.
எக்ஸ்ரே வந்திருந்தது: இடது இடுப்பில் தேய்மானம்.
மாத்திரை தொடங்கி மூன்று வாரம்.
பையன் மாடியில், கதவுக்குப் பின்னால்,
எண்களைத் தப்புத்தப்பாய்ப் பாடிக்கொண்டிருந்தான்.
நான் தரையில் உட்கார்ந்தேன்,
பக்கவாட்டில், வாசலை விட்டு விலகி,
ரேடியேட்டரின் வரிகளை எண்ணியபடி.
பதினேழு.
திரும்பவும் பதினேழு.

குறிப்பேட்டில் அன்றைய பதிவு இவ்வளவுதான்:
4.52. நாய் எழுந்தது. மூச்சு விட்டது.
இரண்டடி நகர்ந்து படுத்தது.
என் பக்கமா
ரேடியேட்டர் பக்கமா
தெரியவில்லை.