நாற்பது ஜீபி காணி

நொத்தாரிசு கலியாண வீட்டுக்குப் போன
சனிக்கிழமை பின்னேரம்
கந்தோர்க் கதவை உள்ளே கொண்டி போட்டுவிட்டு
பென் ட்ரைவைச் செருகினேன்.
மேல்மாடி போட்டோக்கொப்பிக் கடை வாகீசன் தந்தது.
"லினக்ஸ் விண்டோஸை அழிக்காது அக்கா,
பக்கத்தில இருக்கும்" என்றவன்
"அனேகமா" என்பதைப்
பாதிப் படி ஏறிய பிறகுதான் சொன்னான்.

பதினோரு வருட உறுதிகள் இந்தப் பெட்டிக்குள்.
அறுதி, ஈடு, சீதனம்,
கனடாவிலிருந்து வந்த அற்றோணித் தத்துவங்கள்.
எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து
கைப்பைக்குள் வைத்து
கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

திரையில் ஒரு நீளப் பட்டை.
நடுவில் கோடு. இழுத்தால் நகரும்.
எல்லைக்கல் இவ்வளவு லேசாய் நகர்ந்து
நான் ஒருநாளும் பார்த்ததில்லை.
அரைக் குழிக்காக ஒன்பது வருடம்
கோட்டுப் படி ஏறிய கோண்டாவில் சகோதரர்கள்
இதைக் கண்டிருக்க வேணும்.

நாற்பது ஜீபி கொடுத்தேன்.
பிறகு முப்பதாக்கினேன்.
வெட்கமாயிருந்தது. திரும்ப நாற்பது.

கிழக்கு: விண்டோஸ்.
மேற்கு: மீட்புக்கென்று யாரோ விட்ட,
எனக்குத் திறக்கத் தெரியாத அறை.
வடக்கும் தெற்கும் இல்லை.
கிணறு பொது:
ஒரே மின்விசிறி, ஒரே கரண்ட்.

இதற்குப் பிறகு திரும்ப முடியாது,
உறுதியா? என்று கேட்டது
என்னிடம்,
பக்கத்துக்கு இவ்வளவென்று உறுதி தட்டுகிறவளிடம்.
சாட்சி இரண்டு பேர் இல்லை. முத்திரை இல்லை.
ஆம் என்று அழுத்தினேன்.

எழுபத்திரண்டு வீதத்தில் கரண்ட் போனது.
யூபீஎஸ் கத்தத் தொடங்கியது.
நல்ல நாளில் அது ஆறு நிமிடம் தாங்கும்.
ஸ்டான்லி வீதி ஜெனரேட்டர்கள்
ஒவ்வொன்றாய் இருமி எழும்ப
எழுபத்து மூன்று.
எழுபத்து மூன்று.
எழுபத்து மூன்று.
கடவுளைக் கூப்பிடவில்லை.
வாகீசனைத்தான் கூப்பிட்டேன்,
அவன் அம்மா கேட்கக்கூடாத சொல்லால்.

பிறகு, ஐந்தாம் நிமிடம், லைட் வந்தது.
பிறகு கறுப்புத் திரை. மேலே புதியது, கீழே பழையது,
யோசிக்கப் பத்து வினாடி.
யோசித்துக்கொண்டிருக்கையிலேயே
புதியதற்குள் போய்விட்டேன்.

அது பாமினி இல்லாத ஊர்.
திறந்த உறுதியில் ஒரு தமிழெழுத்தும் இல்லை.
மெய்களின் புள்ளிகளெல்லாம்
தலையிலிருந்து இறங்கி
அரைப்புள்ளிகளாய் அருகே நின்றன.
எல்லாம் போச்சு என்று
கைப்பையை இறுக்கினேன்.

விரல்தான் முதலில் அசைந்தது,
மேசை மேல், தன்பாட்டில்.
ஏ, எச், ஓ, அரைப்புள்ளி:
யாழ்.
கண் அறியாததை விரல் வாசிக்க
நான் பின்னால் போனேன்.
மூன்று பரப்பும், அதிலுள்ள வீடும்,
கிணற்றுப் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும்.

அதில்தான் கண்டேன்.
ஓ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எஸ்.
ஆறு குழி என்பதை
ஆறு குளி என்று தட்டியிருக்கிறேன்.
தமிழாய் இருந்தவரை
நொத்தாரிசும் காணவில்லை,
சாட்சிகளும் காணவில்லை,
காணிப் பதிவகமும் காணவில்லை.

திங்கள் காலை விண்டோஸைத் திறந்தேன்.
எல்லாம் வைத்த இடத்தில்.
கடிகாரம் மட்டும் மூன்று நாற்பது.
வெளியே ஒன்பது பத்து.
ஓமந்தையில் இறங்கி
அரைமணி திருப்பிய கை இது,
ஐந்தரை மணியும் பழகும்.

"என்ன பிள்ளை, மெஷினுக்குச் சுகமில்லையோ?"
"இல்லை சேர், பக்கத்துக் காணிக்கு
ஆள் வந்திருக்கு."
அவருக்குக் கேட்கவில்லை.
இணுவில் ஆட்கள் வந்து கதிரை இழுத்தார்கள்.

கடிகாரத்தைத் திருத்திவிட்டேன்.
குளியைத் திருத்துவதென்றால்
மூன்று நாட்டில் இருக்கும்
நாலு பேரின் கையெழுத்து வேணும்.
இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.